அப்பா பெயரில் போகும் நூல்கள்

மு. வரதராசனின் தலைப்பெழுத்தில் நிற்பவர் அவருடைய தந்தை முனுசாமி. யாராவது அதை விரித்து ‘வரதராசன் முனுசாமி’ என்று மேற்கோள் மென்பொருளில் ஏற்றிவிட்டால், ஆய்வுக் கட்டுரைக்குள் ‘(முனுசாமி, 1972)’ என்றுதான் அச்சாகும். தமிழ் இலக்கிய வரலாற்றை மு.வ. எழுதியிருக்க, பெயர் அவருடைய அப்பாவுக்குப் போய்விடும். உ.வே.சா.வுக்கு நேர்வது வேறு. ஆங்கிலத்தில் பிரித்து எழுதப்பட்ட அவர் பெயரின் கடைசித் துண்டை எடுத்து, அகரவரிசையில் ‘ஐயர்’ என்ற இடத்தில் மென்பொருள் உட்காரவைக்கும்.

இதனால் மென்பொருளே வேண்டாம் என்பது என் கட்சியல்ல. முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் முதல் மாதத்திலேயே ஒவ்வொரு மாணவர் கையிலும் அது இருக்க வேண்டும் என்பவன் நான். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நேரத்தில் துணைநூற்பட்டியலைத் தட்டச்சு செய்ய உட்காரும் வழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் இன்னும் போகவில்லை. பக்க எண் விட்டுப்போன குறிப்புகளைத் தேடி மறுபடி நூலகத்துக்கு ஓடுகிறார்கள். ஒரு இதழ் திருப்பி அனுப்பிய கட்டுரையை வேறொரு இதழுக்கு மாற்றி எழுத, காற்புள்ளி காற்புள்ளியாகத் திருத்துகிறார்கள். ஜோட்டேரோ போன்ற மென்பொருளில் அது சில நொடி வேலை. எம்.எல்.ஏ., ஏ.பி.ஏ., சிகாகோ என்று ஆயிரக்கணக்கான நடைகள் அதில் உண்டு. வேண்டியதைத் தேர்ந்தால் கட்டுரை முழுவதும் மாறிவிடும்.

எண்ட்நோட், மெண்டெலே என்று வேறு சிலவும் இருக்கின்றன. நான் ஜோட்டேரோவைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2006-இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுத் துறையினர் உருவாக்கியது அது. இலவசம், நிரல் மூலமும் திறந்தே கிடக்கிறது. மெண்டெலேயை 2013-இல் எல்செவியர் என்ற பெரும் பதிப்பகம் வாங்கிவிட்டது. பல ஆண்டுகள் சேர்க்கும் குறிப்புகளை ஒரு நிறுவனத்தின் முடிவுகளை நம்பி விட்டுவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

பெயர்ச் சிக்கலுக்கு வருகிறேன். ஜோட்டேரோவில் ஆசிரியர் பெயருக்கு இரண்டு கட்டங்கள் உண்டு: ஒன்று குடும்பப்பெயருக்கு, மற்றொன்று இடுபெயருக்கு. குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளும் சமூகங்களுக்காக வகுத்த அமைப்பு அது. நமக்கோ தலைப்பெழுத்தும் இடுபெயரும்தான். ஆகவே வரதராசன் என்பதைக் குடும்பப்பெயர்க் கட்டத்திலும் ‘மு.’ என்பதை மற்ற கட்டத்திலும் இடுங்கள். பட்டியலில் ‘வரதராசன், மு.’ என்று, தமிழ் நூலகர்கள் காலங்காலமாக எழுதிவரும் முறையிலேயே வந்து நிற்கும். பாரதிதாசன், புதுமைப்பித்தன் போன்ற புனைபெயர்களுக்குக் கட்டங்களை ஒன்றாக்கிவிடும் வசதி பெயருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இணையத்திலிருந்து தானாக இறங்கும் விவரங்களை அப்படியே நம்பாமல், ஒவ்வொரு பெயரையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

பெண் ஆய்வாளர்களுக்கு இதில் கூடுதல் இழப்பு. திருமணத்துக்கு முன் அப்பாவின் தலைப்பெழுத்து, பின்பு கணவருடையது. அதைப் படிவத்தில் விரித்து எழுதியதும் ஒரே ஆளின் உழைப்பு இரண்டு ஆண்களின் பெயர்களில் பிரிந்துபோகிறது. இரண்டிலும் அவர் பெயர் முன்னால் இல்லை. 2012 முதல் வழங்கப்படும் ஆர்க்கிட் என்ற 16 இலக்க அடையாள எண்ணை முதல் கட்டுரைக்கு முன்பே பெற்றுக்கொள்ளுங்கள் என்று நெறியாளர்கள் மாணவிகளிடம் சொல்ல வேண்டும். பெயர் மாறினாலும் எண் மாறாது.

பழைய நூல்களுக்கு ஐ.எஸ்.பி.என். கிடையாது. எண்ணைத் தட்டி விவரம் இறக்க வழியில்லாததால் முகப்புப் பக்கத்தைப் பார்த்துக் கையால்தான் ஏற்ற வேண்டும். அங்கே ‘சுபகிருது வருஷம்’ என்று இருக்கும். அறுபது ஆண்டுக்கு ஒருமுறை வருவது அது. 1902-இல் தொடங்கியதா, 1962-இல் தொடங்கியதா என்று தாளையும் அச்சகத்தையும் பார்த்து ஆய்வாளர்தான் முடிவு செய்தாக வேண்டும். ஆங்கில ஆண்டை ஆண்டுக் கட்டத்திலும், தமிழ் ஆண்டைக் கூடுதல் குறிப்பிலும் எழுதி வைப்பது நல்லது. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழிக்க வேண்டும்.

அகரவரிசையையும் கடைசியில் கண்ணால் சரிபாருங்கள். யூனிகோடு எழுத்துகளை அடுக்கியிருக்கும் முறை நம் நெடுங்கணக்கு அல்ல. அங்கே ந-வை ஒட்டி ன வருகிறது, ர-வை ஒட்டி ற. வெறும் குறியீட்டு எண்ணைப் பார்த்து அடுக்கினால் அழகிரிசாமிக்கு முன்பு அறவாணன் வந்துவிடுவார்.

இத்தனையையும் ஒவ்வொரு மாணவரும் தனியே செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் ஒரு பழைய பதிப்பைப் பார்த்து ஒருவர் சரியாக ஏற்றிய விவரம், அவருடைய மடிக்கணினியோடு நின்றுபோகிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் அதே புத்தகத்துக்கு அதே வேலையைத் தொடங்குகிறார். ஜோட்டேரோவில் குழு நூலகம் அமைக்கலாம். இலவசச் சேமிப்பிடமான 300 எம்.பி. கோப்புகளுக்குத்தான், நூல் விவரங்களுக்கு வரம்பில்லை. ஒவ்வொரு தமிழ்த்துறையும் ஒன்று தொடங்கட்டும். புதிதாகச் சேரும் மாணவர் தம் ஆய்வுக்குத் தேவைப்படும் நூல்களைச் சரிபார்த்து அதில் ஏற்றட்டும், நெறியாளர் ஒருமுறை பார்த்து ஒப்புதல் தரட்டும்.