குடியும் கஜானாவும்

குடி கெட்டது என்று சொல்லுவதற்கு இந்நாட்டில் ஆள் பஞ்சம் எப்பொழுதுமே இருந்ததில்லை. புராணம் படிக்கின்றவர் சொல்லுகின்றார். எலெக்ஷன் வந்தால் ஓட்டுக் கேட்கின்றவர் சொல்லுகின்றார். சர்க்காரும் தான் விற்கும் பாட்டிலின் மேலேயே அச்சுப் போட்டுச் சொல்லுகின்றது. சொல்லிவிட்டு வசூலும் செய்கின்றது. 2024-25ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் டாஸ்மாக் மூலம் கஜானாவுக்கு வந்த தொகை 48,344 கோடி ரூபாய்.

இந்தக் கணக்கின் பூர்வ கதையைக் கொஞ்சம் பார்ப்போம். 1937ஆம் வருஷம் அக்டோபர் மாதம் திரு. இராஜகோபாலாச்சாரியார் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. கடை வருமானம் போனதற்கு ஈடு கட்ட 1939ல் விற்பனை வரி என்பதாக ஒன்று வந்தது. அதாவது, குடிக்கின்றவன் கொடுத்து வந்த பணத்தை இனிக் குடிக்காதவனும் சாமான் வாங்கும்போது கொடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. போகட்டும், நல்ல காரியத்துக்கு என்றே வைத்துக்கொள்வோம். 1971ல் கடைகள் திறக்கப்பட்டன. விற்பனை வரி போயிற்றா? இடையில் மூடி, 1981ல் மறுபடியும் திறந்தார்கள். அப்பொழுதாவது போயிற்றா? 2003ல் சில்லரைக் கடைகளையும் சர்க்காரே எடுத்துக்கொண்டது. அந்த வரியோ பெயரை மாற்றிக்கொண்டு, 2017 முதல் ஜி.எஸ்.டி. என்று உட்கார்ந்திருக்கின்றது. குடிக்கு ஈடாக வந்த வரியும் இருக்கின்றது, குடியும் இருக்கின்றது. ஜி.எஸ்.டி. வந்தபின் மாகாண சர்க்கார் தன்னிஷ்டப்படி வரி போட மிஞ்சியிருக்கும் சில சரக்குகளில் மது ஒன்று, பெட்ரோல் டீசல் மற்றொன்று. அப்படியிருக்க எந்த மந்திரி அந்த மாட்டின் மடியை விடுவார்?

நிற்க. விலையை ஏற்றினால் குடி குறையும் என்று சில பொருளாதாரப் பண்டிதர்கள் சொல்லுகின்றார்கள். அது பொய்யல்ல. புதிதாகப் பழகுகின்ற வாலிபனும், எப்போதாவது குடிக்கின்றவனும் விலையைப் பார்த்துக் குறைப்பார்கள். ஆனால் குடிக்கு அடிமைப்பட்டுப்போன கூலிக்காரன் குடியைக் குறைப்பதில்லை, அரிசியைக் குறைக்கின்றான். பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவைக் குறைக்கின்றான். இவனிடத்தில் வரி என்பது மருந்தல்ல, பெண்டாட்டியின் அடுப்பின்மேல் போட்ட தண்டம். பணமுள்ளவனும் குடிக்கத்தான் குடிக்கின்றான். அவன் வீட்டு உலை இதனால் அணைவதில்லை.

இன்னொரு வேடிக்கை. பனையிலும் தென்னையிலும் இறங்கும் கள்ளு 1987 முதல் இங்கே விலக்கு. அதைவிடப் பல மடங்கு காரமான கம்பெனிச் சரக்கு மட்டும் சர்க்கார் கடையில் தாராளமாய் விற்கின்றது. மரம் ஏறுகின்றவன் குற்றவாளி, ஆலை வைத்திருக்கின்றவன் முதலாளி. இதற்குப் பெயரும் மதுவிலக்குச் சட்டம்தான்.

அப்படியானால் அடியோடு மூடிவிடலாமே என்று கேட்கின்ற தோழர்களுக்கு நாம் குஜராத்தையும் பீகாரையும் காட்டுகின்றோம். குஜராத்தில் அம்மாகாணம் ஏற்பட்ட 1960 முதலே மதுவிலக்கு. அங்கே போடாட் பக்கத்தில் 2022 ஜூலையில் விஷச் சாராயத்தால் 40 பேருக்கு மேல் மாண்டார்கள். பீகாரில் 2016ல் மூடினார்கள். 2022 டிசம்பரில் சாரண் ஜில்லாவில் கிராமம் கிராமமாய்ப் பிணம் விழுந்தது. கடை திறந்திருக்கும் தமிழ்நாட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 65 பேருக்கு மேல் செத்தார்கள். காரணம் இரகசியமல்ல. சர்க்கார் கடையில் விலை அதிகம். கடை திறப்பதோ பகல் 12 மணிக்கு. அடிமைப்பட்டவனுக்கு விடியும்போதே கை நடுங்குகின்றது. அந்த நேரத்தில் மலிவாய்ப் பொட்டலச் சாராயம் கொடுக்கின்றவன் வாசலிலேயே நிற்கின்றான். அவனுக்கு ஆலைகளில் உபயோகிக்கும் மெத்தனால் அகப்பட்டால் இலாபம் இன்னும் பெருகும். அது குடித்தவனின் ஈரலில் புகுந்து பார்மிக் அமிலமாகிக் கண்ணைக் கெடுத்து, பிறகு உயிரையும் குடிக்கின்றது. செத்தவன் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுத்தார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அவன் உயிரோடு நடுங்கிக்கொண்டிருந்த காலத்தில் அவனுக்கு என்ன கொடுத்தார்கள் என்றுதான் கேட்கின்றோம்.

சில மாதங்களுக்கு முன் ஈரோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்குக் கூட்டத்துக்காகப் போயிருந்தோம். அங்கே ஒரு கொத்தனார் கோயிலில் கயிறு கட்டிச் சத்தியம் செய்து ஒரே நாளில் குடியை விட்டிருந்தார். மூன்றாம் நாள் இராத்திரி உடம்பெல்லாம் நடுக்கம். சுவரில் பூச்சி ஊருகின்றது என்று பிடித்துப் பிடித்துப் போடுகின்றார். செத்துப்போன தகப்பனாரோடு பேசுகின்றார். "மூணு நாளா ஒரு சொட்டுக் குடிக்கலீங்க, அதுக்குள்ள காத்துக் கருப்பு புடிச்சிருச்சுங்க" என்று மனைவி அழுகின்றாள். பூசாரி வேப்பிலையால் அடித்துக்கொண்டு கோழிக்கும் பணத்துக்கும் பேசிக்கொண்டிருக்கின்றார். சில தோழர்கள் அவரைச் சரக்கு ஆட்டோவில் தூக்கிப் போட்டு முப்பது மைல் தூரத்திலுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் சொன்னது: இது பேயுமல்ல பிசாசுமல்ல, வருஷக்கணக்காய்ச் சாராயத்தில் ஊறிய மூளைக்கு அது திடீரென்று நின்றால் இப்படித்தான் ஆகும், விட்டால் உயிரே போகும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையும் பி1 வைட்டமின் ஊசியும் போட்டுப் பக்கத்திலிருந்து கவனித்தார்கள். எட்டாம் நாள் மனிதர் நடந்தே வீடு வந்தார். மறுபடி குடிக்காமலிருக்க மாதக்கணக்கில் மருந்தும் யோசனையும் வேண்டும் என்று டாக்டர் எச்சரித்தே அனுப்பினார். அந்த ஊருக்கு மதுக்கடை ஒன்றரை மைல்.

அந்தப் பூசாரிக்கும், 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிப்போம்' என்று சுவரில் விளம்பரம் ஒட்டுகின்றவனுக்கும் நாம் அதிக வித்தியாசம் காணவில்லை. தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கும் மருந்தின்மேல் ஒருவன் குடித்துவிட்டால் நெஞ்சடைத்துச் சாகக்கூடும் என்பதை அந்த விளம்பரம் சொல்லாது. குடி பாவமென்றால் பரிகாரம் செய்யப் பூசாரி போதும். வியாதியென்றால் டாக்டரும் படுக்கையும் வேண்டும். படுக்கைக்குச் செலவாகும் என்பதால்தான் பாவம் என்ற பேச்சு ஆட்சியாளர்களுக்கும் சௌகரியமாயிருக்கின்றது.

2025ல் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் 'கலங்கரை' என்ற பெயரால் 25 போதை மீட்பு மையங்கள் திறந்தார்கள். சந்தோஷம். அதே வருஷத்தில் கடைகள் சுமார் 4,800. குடியில் வசூலாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் ஒரு ரூபாயை எடுத்து வைத்தால் வருஷத்துக்கு 483 கோடி சேரும். அதைக்கொண்டு தாலுக்கா ஆஸ்பத்திரிகள்தோறும் பத்துப் படுக்கைகளும், இதற்கென்று பழகிய ஒரு டாக்டரும், மருந்தும் வைக்க ஆரம்பிக்கலாமா, கூடாதா? வருஷா வருஷம் சட்டசபையில் வைக்கும் கொள்கைக் குறிப்பில், எத்தனை கோடி வசூலாயிற்று என்ற வரிக்குப் பக்கத்திலேயே, எத்தனை பேருக்கு வைத்தியம் நடந்தது என்றும் ஒரு வரி அச்சிடட்டும். அடுத்த தடவை ஓட்டுக்கு வருகின்றவரிடம் தோழர்கள் கடையை மூடுவீரா திறப்பீரா என்று கேட்பதோடு நிற்காமல், உம்முடைய தாலுக்காவில் எத்தனை படுக்கை என்பதையும் சேர்த்துக் கேட்கவேண்டுகின்றோம்.