பூங்கா யாருக்குச் சொந்தம்?

உரோம் நகருக்குச் செல்வோர் பெரும்பாலும் பழம் பேரரசின் இடிந்த தூண்களைக் காணவே விரைகின்றனர். என்னைக் கேட்டால், அந்நகரில் மாணவர்கள் முதலில் காண வேண்டிய இடம் போர்கேசே மாளிகையும் அதைச் சூழ்ந்த பூங்காவுமே என்பேன்.

திருத்தந்தை ஐந்தாம் பவுலின் சகோதரி மகனான கர்தினால் சிப்பியோனே போர்கேசே, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை அமைத்தார். இன்று ஏறத்தாழ 200 ஏக்கர் பரப்புள்ள பூங்கா இது. குடை விரித்தாற்போல் நிற்கும் பைன் மரங்களும், ஏரி நடுவே மருத்துவத் தெய்வம் எஸ்குலாப்பியசுக்கு எழுப்பிய சிறு கோயிலும் கண்ணுக்கு விருந்து. நான் சென்ற ஞாயிறன்று குழந்தைகள் மிதிவண்டி ஓட்டினர். முதியோர் மர நிழலில் நாளிதழ் படித்தனர். எவரும் கட்டணம் கேட்கவில்லை.

இவ்வுரிமை எளிதில் வந்ததன்று. 1807-இல் கமில்லோ போர்கேசே, குடும்பத்தின் புகழ்பெற்ற பழஞ்சிலைகளைத் தம் மைத்துனர் நெப்போலியனுக்கு விற்றார். அவை இன்று பாரிசின் லூவர் காட்சியகத்தில் உள்ளன. சொத்து அவருடையது, தடுப்பார் யார்? ஆனால் பூங்காவின் கதை வேறு. மக்கள் நெடுங்காலமாக அங்கே உலவி வந்தனர். 1880-களில் போர்கேசே குடும்பம் கதவை அடைக்க முற்பட்டபோது, நகராட்சி வழக்காடியது. நெடுநாள் வழக்கத்தால் மக்களுக்கு அங்கே உலவும் உரிமை உண்டு என 1887-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1901-இல் இத்தாலிய அரசு மாளிகையையும் பூங்காவையும் விலைக்கு வாங்கி, 1903-இல் பூங்காவை நகருக்கு அளித்தது.

கட்டணம் வைத்தால்தான் பூங்கா தூய்மையாக இருக்கும் என்று வாதிடுவோர் உண்டு. மாளிகைக்குள் இருக்கும் கலைக்கூடத்திற்கு அது பொருந்தலாம். பெர்னினியின் பளிங்குச் சிற்பங்களைக் காக்க, முன்பதிவும் இரண்டு மணி நேர வரையறையும் தேவையே. மர நிழலுக்கும் விலை வைத்தால் ஏழைக் குழந்தை எங்கே விளையாடும்?

எனினும் ஒன்று என் மனத்தை உறுத்தியது. பூங்காவை அடுத்த பிஞ்சோ குன்றில் இத்தாலியப் பெருமக்களின் மார்பளவுச் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் சிலவற்றின் மூக்கை எவரோ உடைத்திருக்கின்றனர். உடைத்தவரும் தம் சொத்தையே உடைத்தார் அன்றோ!

நண்பர்களே, பொதுச்சொத்து என்றால் எவருக்கும் உரியதன்று என எண்ணுகிறோம். நம் ஒவ்வொருவருக்கும் உரியது என்பதே அதன் பொருள். கதவைத் திறக்க ஒரு தீர்ப்புப் போதும். திறந்த கதவுக்குள் இருப்பதைக் காக்க நாள்தோறும் நம் கைகள் வேண்டும்.