எது பெரிய நீர்த்தேக்கம்?

சுவீடன் நாட்டில் வேனர்ன் என்னும் ஏரி உள்ளது. அதன் பரப்பளவு ஏறத்தாழ 5,650 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப் போன்ற ஏழு தீவுகளை அதற்குள் வைத்தாலும் இடம் மிஞ்சும். அந்த நாட்டின் பெரிய ஏரி எது என்று கேட்டால் வரைபடத்தைப் பார்த்தே விடை கூறிவிடலாம். சிங்கப்பூரில் 17 நீர்த்தேக்கங்கள் இருக்கின்றன. அவற்றுள் பெரியது எது என்ற கேள்விக்கு அவ்வளவு எளிதில் விடை கிடைப்பதில்லை. அளவுகோல் மாறினால் விடையும் மாறிவிடுகிறது.

நீர்த்தேக்கம் என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது மெக்ரிட்சிதான். 1868ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அது, தீவின் முதல் நீர்த்தேக்கம். நகர மக்களுக்கு நல்ல குடிநீர் கிடைக்க வேண்டும் என்று 1857ஆம் ஆண்டில் 13,000 வெள்ளி நன்கொடை அளித்த வணிகர் டான் கிம் செங்கின் பெயரும் அதன் வரலாற்றோடு சேர்ந்தே பேசப்படுகிறது. காடு, நடைபாதை, குரங்குகள், அமைதியான நீர். நீர்த்தேக்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற எண்ணத்தை மெக்ரிட்சி மக்கள் மனத்தில் பதித்துவிட்டது. ஆனால், அளவில் அது பெரியதன்று. மத்திய நீர்ப்பிடிப்பு வட்டாரத்தில் உள்ள நான்கு நீர்த்தேக்கங்களுள் நீர்ப்பரப்பில் முந்துவது அப்பர் சிலேத்தார். அதன் பரப்பு 324 ஹெக்டர். 304 ஹெக்டர் பரப்புள்ள அப்பர் பியர்ஸ் கொள்ளளவில் அதை முந்திவிடுகிறது. அதில் ஏறத்தாழ 27.8 மில்லியன் கனமீட்டர் நீரைத் தேக்கலாம்.

இது பெரிய அளவா? தமிழ்நாட்டின் மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 93.47 டிஎம்சி, அதாவது அப்பர் பியர்ஸைப்போல் தொண்ணூறு மடங்குக்கும் அதிகம். மேட்டூரைப் பார்த்து வளர்ந்த ஒருவருக்கு அப்பர் பியர்ஸ் ஓர் ஊர் ஏரியாகத்தான் தோன்றும். சிங்கப்பூர் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 440 மில்லியன் கேலன் நீரைப் பயன்படுத்துகிறது. அந்தக் கணக்கில், நிரம்பி வழியும் அப்பர் பியர்ஸ் முழு நாட்டுக்கும் இரண்டு வாரம்கூடத் தாங்காது. இவ்வளவு சிறிய தீவில் நீர் எவ்வளவு நாள் தேங்கி நிற்கிறது என்பதைவிட, எவ்வளவு விரைவாக மீண்டும் நிரம்புகிறது என்பதே முக்கியம். அதைத் தீர்மானிப்பது மழை விழும் நிலப்பரப்பு.

அந்த அளவுகோலைக் கையில் எடுத்தால் மரினா நீர்த்தேக்கம் முன்னுக்கு வந்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுத்து நிறுத்தியதால் உருவானது அது. அதன் நீர்ப்பரப்பு 240 ஹெக்டர்தான். ஆயினும், அதன் நீர்ப்பிடிப்புப் பகுதி 10,000 ஹெக்டர்; தீவின் ஆறில் ஒரு பங்கு. அந்தப் பகுதியில் பெரும்பாலும் சாலைகளும் கடைகளும் அடுக்குமாடி வீடுகளுமே நிறைந்துள்ளன.

லிட்டில் இந்தியாவும் அதற்குள் அடங்கும். சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் ஓட்டுக்கூரையில் விழும் மழைநீர் வடிகாலில் இறங்கி, ரோச்சோர் கால்வாய் வழியாகக் காலாங் வடிநிலத்தை அடைந்து, மரினாவில் சேர்கிறது. ஒரு காலத்தில் மாட்டு வணிகம் நடந்த இடம் அது. பஃப்பலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்ற பெயர்கள் இன்றும் அதைச் சொல்கின்றன. சமையலறையிலும் கழிவறையிலும் பயன்படுத்திய நீர் தனிக் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. சாலையோர வடிகாலுக்கு அந்த ஏற்பாடு இல்லை. இந்த வேறுபாட்டை அறியாதவர்கள் இன்னும் பலர். கடை வாசலில் வாடிய பூச்சரத்தை வடிகாலில் தள்ளுபவர், தாம் குடிநீரில் குப்பை போடுவதாக நினைப்பதில்லை.

பரப்பளவுப் பட்டியல்களில் இடம்பெறாத இன்னோர் அளவும் உண்டு. 1977ஆம் ஆண்டு பிப்ரவரியில் அப்பர் பியர்ஸ் திறப்பு விழாவில், சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் வடிநிலத்தையும் பத்து ஆண்டுகளில் தூய்மைப்படுத்த வேண்டும் என்று அப்போதைய பிரதமர் திரு லீ குவான் இயூ அறைகூவல் விடுத்தார். அதற்காக ஏறத்தாழ 26,000 குடும்பங்கள் இடம் மாறின. பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. தெருவோர உணவு வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குப் போயினர். சரக்குப் படகுகள் ஆற்றைவிட்டு அகன்றன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அத்தகைய படகுகளைச் செலுத்தியவர்களுள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த முஸ்லிம்களும் இருந்தனர். ஆறு தூய்மையடையாமல் மரினாவில் குடிநீரைத் தேக்கியிருக்க முடியாது. எனவே, ஹெக்டர் கணக்கை எழுதி வைக்கும் தகவல் பலகைகளில் இந்தக் கணக்கும் இடம்பெறுவதே நியாயம்.

புதுநீரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பும் வந்த பிறகு நீர்த்தேக்கங்களைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமா என்று சிலர் கேட்பதுண்டு. அவர்கள் பக்கம் உண்மை இல்லாமலில்லை. மழை பொய்த்தால் நீர்த்தேக்கம் வெறும் பள்ளம். 1963ஆம் ஆண்டு வறட்சியில் சிங்கப்பூர் மக்கள் நீர்ப்பங்கீட்டின்கீழ் வாழ்ந்தனர். 2016ஆம் ஆண்டில் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கத்தில் நீரின் அளவு 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. ஆனால், ஒரு கனமீட்டர் கடல்நீரைக் குடிநீராக்க ஏறத்தாழ 3.5 கிலோவாட் மணி மின்சாரம் செலவாகிறது. மழைநீரைச் சுத்திகரிக்க அதைவிட மிகக் குறைந்த மின்சாரமே போதும். வானம் தரும் நீரைக் குப்பையோடு ஓடவிட்டு, கடல்நீரை மின்சாரம் கொடுத்து வாங்குவது கெட்டிக்காரத்தனம் ஆகாது.

நீர்த்தேக்கத்தைப் பற்றி அறியப் புறப்படும் மாணவர்கள் வழக்கமாக மெக்ரிட்சிக்கோ மரினா அணைக்கட்டுக்கோ பேருந்தில் போய் இறங்குகிறார்கள். அந்தப் பயணம் தேக்கா சந்தையின் பின்புற வடிகாலிலிருந்து தொடங்கலாம். மழைநீர் போகும் வழியிலேயே கால்வாய்க் கரையோரமாக நடந்தால், ஓரிரு மணி நேரத்தில் அணைக்கட்டை அடைந்துவிடலாம்.