'முழு எண்' என்று சொன்னாங்களா? ஜிமேட் கணக்கில் சறுக்கும் இடம்

ஜிமேட் தேர்வின் 'டேட்டா சஃபிஷியன்சி' பாணியில் ஒரு கேள்வி: ஓர் எண்ணின் 3 மடங்கு இரட்டைப்படை. அப்போ அந்த எண்ணும் இரட்டைப்படைதானா? 2 போட்டா 6, 4 போட்டா 12. 'ஆமா'ன்னு டிக் அடிச்சுட்டுப் போயிடுவோம். ஆனால் 2/3 போட்டுப் பாருங்க, 3 மடங்கு 2 வருது. 2/3 இரட்டைப்படை இல்லையே! 'முழு எண்' என்று கேள்வி சொல்லாதவரை, தகவல் போதாது என்பதே பதில். சொல்லிவிட்டால் சிக்கலே இல்லை: ஒற்றையை ஒற்றையால் பெருக்கினால் ஒற்றைதான் வரும், அதனால் அந்த எண் இரட்டையாகத்தான் இருக்க முடியும்.

'நம்பர் போட்டுப் பாரு' என்ற கோச்சிங் அட்வைஸ் பாதிதான் சரி. பொருந்தாத எண் ஒன்று சிக்கினா விதி காலி. பத்து எண் பொருந்தினாலும் விதி நிரூபணம் ஆகாது. (பூஜ்யம் இரட்டைப்படை, -3 ஒற்றைப்படை. இதிலும் கோட்டை விடுறவங்க உண்டு.)