பத்தர் பொய் சொல்லவில்லை



ஒரு வாசகி நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். பாட்டி வழியாக வந்த கெம்பு அட்டிகை. 'அசல் மாணிக்கம்' என்று குடும்பப் பத்தர் சொன்னதுதான் வீட்டில் வேதவாக்கு. மகள் கல்யாணத்துக்கு மெருகு போடக் கொடுத்தபோது கழன்று வந்த நடுக்கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். 'செயற்கை மாணிக்கம்' என்று சர்டிபிகேட் வந்துவிட்டது. "பத்தர் ஏமாற்றினாரா, இல்லை மிஷின் தப்பா?" என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை, சகோதரி. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னோய், அலுமினாத் தூளைக் கடுஞ்சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-ல் வெளியிட்டார். அது கண்ணாடி என்று நினைத்துவிடாதீர்கள். மண்ணில் விளைந்த கல்லுக்குள்ள ரசாயனம், கடினம், கனம், 1.76-ஐ ஒட்டிய ஒளிவிலகல் எண் எல்லாம் அதற்கும் உண்டு. உள்ளங்கையில் கனம் பார்த்தாலும், கன்னத்தில் வைத்துக் குளிர்ச்சி பார்த்தாலும் தேறிவிடும். மாட்டிக்கொள்வது நுண்ணோக்கியின் கீழேதான். வளர்ச்சிக் கோடுகள் இசைத்தட்டின் வரிகளைப் போல வளைந்து ஓடும்; இயற்கைக் கல்லில் அவை நேராகவும் கோணம் கோணமாகவும் இருக்கும். மாணிக்கம் விளையும் பர்மாவிலேயே இந்தக் கல்லை உருட்டித் தேய்த்து, சுரங்கத்தில் எடுத்த கல் என்று தலையில் கட்டியிருக்கிறார்கள். பத்தர் மட்டும் என்ன செய்வார், பாவம்!

அதற்காகக் கண்ணின் வித்தையைப் பரணில் போட்டுவிட முடியாது. சிலப்பதிகாரத்து மதுரையின் ரத்தினக் கடைத்தெருவில், வைரத்துக்குக் காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்று குற்றம் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். இலங்கையின் பேருவளையில் இன்றும் அந்தக் கூர்மையைப் பார்க்கலாம். வியாபாரி மடித்த காகிதத்தைப் பிரித்து, நீலக்கல்லைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடிப்பார். மேலிருந்து ஒரு பார்வை. உடனே கல்லைச் சாய்த்துப் பக்கவாட்டில் இன்னொரு பார்வை. இலங்கை நீலத்தில் நிறம் பல சமயம் ஒரு மூலையில்தான் தேங்கி நிற்கும். அந்த மூலை கல்லின் அடிமுனையில் வருமாறு பட்டை தீட்டிவிட்டால், மேலிருந்து பார்க்கிறவருக்குக் கல் முழுக்க நீலம். பக்கத்திலிருந்து பார்த்தால் வெறும் தண்ணீர் நிறம். இதற்குக் கருவி எதற்கு?

கருவியே ஏமாந்த கதையும் உண்டு. 2001 வாக்கில், தாமரையும் அந்திவானமும் கலந்த நிறத்தில் பத்பராட்சா கற்கள் தாய்லாந்திலிருந்து சந்தையில் வந்து குவிந்தன. எப்போதாவது ஒன்று கண்ணில் பட்டாலே பேசிக்கொள்ளும் அபூர்வக் கல் அது. ஆய்வகங்கள் சோதித்தன. சூடுபடுத்திய அடையாளம் இருந்தது. அது ஊரறிந்த வழக்கம்தான். அப்படியே சர்டிபிகேட்டும் கொடுத்தன. ஆனால் இவ்வளவு கல் எங்கிருந்து வரும் என்ற சந்தேகம் மட்டும் ஓயவில்லை. 2002 ஜனவரியில் அமெரிக்க ரத்தின வியாபாரிகள் சங்கம் எச்சரிக்கை விடுத்தது. வைடூரியத்தின் இனமான கிரைசோபெரில் கற்களும் அதே மூசையில் வெந்திருக்கின்றன. அதிலிருந்த பெரிலியம் உடன் வெந்த கற்களுக்குள் ஊடுருவி நிறத்தை மாற்றியிருக்கிறது. கல்லை மெத்திலீன் அயோடைடு திரவத்தில் போட்டுப் பார்த்தபோது, பட்டை தீட்டிய வடிவத்தை ஒட்டியே ஓரமெல்லாம் ஆரஞ்சுப் படலம் தெரிந்தது. ஒரு கிண்ணம், ஒரு திரவம், ஒரு ஜோடிக் கண்! நிறம் கல் முழுக்க இறங்கிவிட்டால் இந்த உபாயம் பலிக்காது. அப்போது லேசரால் துளியூண்டு சுரண்டி அணுக்களை எடைபோட்டுப் பிரிக்கும் கருவிதான் கதி. அதுவோ யானை விலை.

இயற்கையா செயற்கையா என்ற கேள்விக்கு ஆய்வகத்தின் பேச்சே கடைசிப் பேச்சு. அதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்தக் கல்லைச் சந்தேகப்படுவது, இரண்டு அசல் கற்களில் எதற்கு நீரோட்டம் நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் பழகிய கண்ணின் காரியம். லட்சக்கணக்கில் கல் வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் செலவழிக்கத் தயங்காதீர்கள்.

சகோதரி, மீதிக் கெம்புகளையும் பெயர்த்துச் சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்கும் எண்ணம் இல்லையென்றால் வேண்டாம். பழைய அட்டிகைகளில் கல்லின் அடிப்பக்கம் அடைத்திருக்கும். உள்ளே அரக்கும், நிறத்தைத் தூக்கிக்காட்ட ஒரு மெல்லிய தகடும் இருப்பதுண்டு. பெயர்த்தால் தகடு கிழியும், அந்தச் சிவப்பு திரும்ப வராது. நடுக்கல்லை மட்டும் அதே பத்தர் குடும்பத்தில் யாராவது தொழிலில் இருந்தால் அவரிடமே கொடுத்துப் பதித்துக்கொள்ளுங்கள். சர்டிபிகேட்டை நகைப் பெட்டியிலேயே வையுங்கள், பேத்தி காலத்தில் குழப்பம் வராது. மகளுக்கு எங்கள் எல்லோருடைய வாழ்த்துகளும்.

அன்புடன்,
ஆசிரியர்