‘முதல் பெண் துணைவேந்தர்’ என்னும் தொடர் குறித்து

ஹன்சா மேத்தாவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு செய்திகளோடு நிறுத்திக்கொள்கின்றனர். மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவில் ‘ஆல் மென்’ என்றிருந்ததை ‘ஆல் ஹியூமன் பீயிங்ஸ்’ என மாற்றச் செய்தவர். இருபாலரும் பயிலும் இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதல் பெண் துணைவேந்தர். இரண்டும் உண்மையே. ஆனால் முதல் செய்தியின் பொருளை உணர்ந்தவர் இரண்டாவதை இத்தனை களிப்போடு எழுதமாட்டார்.

‘மென்’ என்பதில் பெண்களும் அடக்கம்தானே என்றார் எலினோர் ரூஸ்வெல்ட். அந்த அடக்கத்தை மேத்தா நம்பவில்லை. ‘துணைவேந்தர்’ என்ற சொல்லையும் அதே ஐயத்தோடு நோக்கலாம். அர் ஈறு இருபாலுக்கும் பொது என்கிறது இலக்கணம். வழக்கோ அதை ஆணுக்கே எழுதி வைத்துவிட்டது. ‘ஆண் துணைவேந்தர்’ என்று எவரும் எழுதுவதில்லை. அடைமொழி சுமப்பவள் என்றும் விதிவிலக்கே.

அந்த அடைமொழி மறைப்பது வேலையை. 1949-இல் தொடங்கிய பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தை 1958 வரை அவர் நடத்தினார். முன்னவர் வகுத்த பாதை ஏதும் இல்லை. ஓவியமும் சிற்பமும் பட்டப்படிப்பாகப் பயிலத்தக்கவை என்று கண்ட நுண்கலைப் புலம் அவர் காலத்தில் எழுந்தது, கே. ஜி. சுப்ரமணியன் போன்றோர் அங்குக் கற்பித்தனர். மனையியலும் சமூகப்பணியும் அங்கு உயர்கல்வித் துறைகளாயின. மனையியல் பெண்களை அடுப்படிக்கே திருப்பியதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வியும்கூட. ஆனால் 1962-இல் அமைந்த பாடத்திட்டக் குழுவுக்குத் தலைமையேற்று, ஆணுக்கொரு கல்வி பெண்ணுக்கொரு கல்வி என்ற பிரிவினையை மறுத்தவரும் அவரே. இந்த முரணை ஆராய்வதை விடுத்து மாலையிடுவது எளிது. (அவர் பரோடா திவானின் மகள் என்பதையும் புகழுரைகள் போகிறபோக்கில் கடந்துவிடுகின்றன. அந்தப் பிறப்பு வாய்க்காத பெண்ணுக்கு அந்த நாற்காலி கிடைத்திருக்குமா?)

ஜாமியா மில்லியா முதல் பெண் துணைவேந்தரைக் கண்டது 2019-இல். ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் 2022-இல். 1920-இல் பல்கலைக்கழகமான அலிகார் 2024-இல். ஒவ்வொரு முறையும் ‘வரலாற்றுச் சாதனை’ என்றே தலைப்பிட்டனர். யாருடைய சாதனை? பரோடாவில் 1949-இலேயே இயன்றதை நூறாண்டு கடந்து செய்த நிறுவனம் பாராட்டுக்குரியதன்று; இத்தனை காலம் தேர்வுக் குழுக்களில் அமர்ந்திருந்தோர் அந்த இடைவெளிக்கு விளக்கம் தர வேண்டும்.