கஞ்சிக்கு எதுக்குப் பெயர்ப் பட்டியல்?



நோம்பு நெருங்கினால் இரண்டு வகைப் பதிவுகள் வரத் தொடங்கிவிடும். ஒன்று, "அந்தக் காலத்தில் கையில் ஒன்றுமில்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம்" என்பது. மற்றது, பள்ளியில் கஞ்சி காய்ச்சுவது வீண்செலவு, அந்தக் காசுக்கு வறிய குடும்பங்களைத் தெரிவுசெய்து உலருணவுப் பொதி கொடுக்கலாம் என்பது. முதலாவதற்கு லைக் போடுகிற அதே ஆட்கள்தான் இரண்டாவதற்கும் போடுகிறார்கள்.

வறுமை சந்தோசமாக இருக்கவில்லை. கடைக் கொப்பியில் கடன் ஏறிக்கொண்டே போகும். உம்மா "எனக்குப் பசியில்லை" என்று சொன்ன இரவுகளை நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை. அதை இப்போது யாரும் சீனி போட்டுத் தர வேண்டாம். சந்தோசம் வேறு இடத்திலிருந்து வந்தது.

அசர் தொழுகை முடியுமுன்னரே பள்ளி வளவில் எங்கள் டின்கள் வரிசையில் இருக்கும். லக்ஸ்பிரே டின்னில் இரண்டு ஓட்டை போட்டு, கம்பி கட்டிய கேன். ஆள் விளையாடப் போய்விடும், டின் இடம்பிடித்து நிற்கும். கிடாரத்தில் ரம்பையும் உள்ளியும் வெந்தயமும் கொதித்து, கடைசியாகத் தேங்காய்ப்பால் விழும்போது வரும் வாசத்துக்கு, நோம்பு பிடித்த பிள்ளையும் களவாய்த் தண்ணீர் குடித்த பிள்ளையும் ஒன்றாக ஓடி வருவோம். அடிக்கஞ்சிக்குச் சண்டை வேறு. சூட்டில் கம்பி கையை அறுக்க, கை மாற்றி மாற்றி, சிந்தாமல் வீடு வந்து சேர்வதே ஒரு வீரம்.

அந்த வரிசையில் போடியார் வீட்டுப் பேரனும் நின்றான், தோணிக்காரர் மகனும் நின்றான். மோதினார் எல்லாருக்கும் ஒரே அகப்பையால்தான் ஊற்றினார். சில வீடுகளுக்கு அது நோம்பு துறக்க ஒரு கோப்பை. எங்கள் வீட்டுக்கு அதுதான் இராச் சாப்பாடு. வரிசையைப் பார்த்து இந்த வித்தியாசத்தை யாராலும் சொல்ல முடியாது. எங்கள் சந்தோசத்தின் ரகசியமே இதுதான்.

இதைத்தான் இப்போது பட்டியலும் டோக்கனும் வைத்துக் கலைக்கப் பார்க்கிறீர்கள். ஒரு பொதி, அதை நாலு பேர் பிடித்துக்கொண்டு போட்டோ, பின்னால் பெனர். நோம்பு விடுமுறை முடிந்து பாடசாலை திறக்கும்போது அந்தப் படம் எங்கள் வகுப்பறைக்குள் வந்துவிடுகிறது. தரம் 7 பிள்ளை ஒருவனுக்கு "பொதி" என்று பட்டப்பெயர் விழுந்தது. அவன் சண்டை பிடிக்கவில்லை. பாடசாலைக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

பொதி வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் உணவுப் பொருட்களின் விலை ஒரு வருடத்துக்கு முன்பிருந்ததைப் போல கிட்டத்தட்ட இரண்டு மடங்காக நின்றது. அந்த நாட்களில் பொதி கொடுத்தவர்களுக்கு அல்லாஹ் கூலி தரட்டும். கொடுங்கள், தறாவீஹுக்குப் பிறகு கதவைத் தட்டிக் கொடுங்கள். போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கொடுங்கள். அதற்காகக் கிடாரத்தைக் கவிழ்க்காதீர்கள்.

2023இல் அஸ்வெசும பட்டியல் வந்தபோது யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விடுபட்டது என்று ஊரூராய் நடந்த சண்டையைப் பார்த்தோம்தானே? அந்தச் சண்டை பள்ளி வளவுக்குள்ளும் வர வேண்டுமா? கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது "ஏழைப் பிள்ளைக்கு மட்டும்" என்று எழுதியிருந்தால், எங்களில் எத்தனை பேர் வெட்கத்தில் வீட்டிலேயே நின்றிருப்போம்? சீருடைத் துணியும் பாடப்புத்தகமும் எல்லாப் பிள்ளைக்கும் என்று வந்ததால்தான் கையை நீட்டி வாங்கினோம்.

நிர்வாக சபைக்கு ஒரு வேண்டுகோள்: இந்த வருடமும் கஞ்சி எல்லாருக்கும் என்று ஜும்ஆவில் அறிவியுங்கள். வசதியுள்ளவர்களே, ஒரு நாள் கஞ்சிக்குக் காசு கொடுத்ததோடு உங்கள் கடமை முடியவில்லை. உங்கள் பிள்ளையையும் அசருக்குப் பிறகு ஒரு பாத்திரத்தோடு வரிசைக்கு அனுப்புங்கள். கை சுடும் என்று பயப்பட வேண்டாம், இப்போதெல்லாம் பிளாஸ்டிக் வாளிதான்.